டிரெஞ்ச்புரூமில் குவேக் லெவல் கட்டுவது எப்படி: பிரஷ், கிரிட், வெட்டுக் கருவி – முழுமையான வழிகாட்டி

குவேக் 1996இல் வந்த விளையாட்டு. அதற்கு இன்றும் புதுப்புது லெவல்கள் வந்துகொண்டிருக்கின்றன. வடிவங்களைக் கையாளக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிக்கனமான பட்டறை கிடைப்பது அரிது. டிரெஞ்ச்புரூம் எடிட்டர் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சிறிய லெவல் என்றால் ஓரிரு நிமிடத்துக்குள் கம்பைல் ஆகிவிடும் (எடிட்டரில் வரைந்தது விளையாடக்கூடிய கோப்பாக மாறிவிடும்), உடனே உள்ளே நடந்து பார்க்கலாம்.

இந்த வழிகாட்டியில் இரண்டு அறைகள், அவற்றை இணைக்கும் வளைவான வாசல், திரும்பும் நடைபாதை, படிக்கட்டு ஆகியவற்றைக் கட்டப்போகிறோம். பிளெண்டர் போன்ற மாடலிங் மென்பொருளில் பழகியவர்கள் முதல் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். அவர்களுக்குத்தான் இங்கே அதிகம் இடறும்.

பிரஷ் என்பது என்ன

மாடலிங் மென்பொருளில் ஒரு வடிவம் என்றால் முனைகளும் அவற்றை இணைக்கும் முக்கோணங்களும். குவேக்கின் மேப் கோப்பில் முனைகளே கிடையாது. ஒவ்வொரு பிரஷும் சில சமதளங்களின் பட்டியல். ஒவ்வொரு சமதளமும் மூன்று புள்ளிகளால் குறிக்கப்படும். அந்தச் சமதளங்கள் எல்லாம் சேர்ந்து வளைத்துப் பிடிக்கும் இடமே பிரஷ். ஒரு பெட்டிக்கு ஆறு சமதளங்கள். முனைகள் எங்கே வருகின்றன என்பதைச் சமதளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தை வைத்துக் கம்பைலர்தான் கணக்கிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தானாகவே வந்துவிடும். முதலாவது, எந்தப் பிரஷும் உட்குழிவாக இருக்க முடியாது. ‘எல்’ வடிவச் சுவர் வேண்டுமென்றால் இரண்டு பிரஷ் தேவை. இரண்டாவது, சாய்ந்த சமதளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் முழு எண்ணில் விழாவிட்டால் முனை 63.9997 போன்ற இடத்தில் போய் உட்காரும். பக்கத்துப் பிரஷின் முனை 64இல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் பிறகு சுவரில் மின்னும் புள்ளிகளாகவும், கசிவாகவும், நடக்கும்போது காலைத் தடுக்கும் மாயத் தடையாகவும் தலையெடுக்கும். குவேக்கில் வரும் வடிவக் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆகவே கிரிட்டை (முனைகளை முழு எண் இடங்களில் நிறுத்தும் கட்டக்கோடுகளை) விட்டு விலகாமல் வேலை செய்வது அழகுக்காக அல்ல.

தேவையானவை

டிரெஞ்ச்புரூம், எரிக்டபிள்யூ-டூல்ஸ் என்ற கம்பைலர் தொகுப்பு, ஒரு எஞ்சின் (குவேக்ஸ்பாஸம், அயர்ன்வெயில், விகேகுவேக் மூன்றில் எதுவும்), விளையாட்டுத் தரவு. விளையாட்டை வாங்கவில்லை என்றால் முதல் எபிசோடு மட்டும் உள்ள ஷேர்வேர் பதிப்போ லிப்ரேகுவேக்கின் இலவசத் தரவோ போதும். டெக்ஸ்சர்களுக்கு, அதாவது சுவர், தரை ஆகியவற்றின் மேல் பூசும் படங்களுக்கு, ஒரு வாட் கோப்பும் வேண்டும்.

எல்லாவற்றையும் வெற்றிடம் இல்லாத, குட்டையான பெயருள்ள கோப்புறையில் வையுங்கள். கோப்புறைப் பெயரில் வெற்றிடம் இருந்ததால் கம்பைலர் கோப்பைக் கண்டுபிடிக்காமல் நின்றுபோவது அடிக்கடி நடக்கும். புதிய மேப் திறக்கும்போது விளையாட்டு ‘குவேக்’, வடிவம் ‘வால்வ்’ என்று தேர்ந்தெடுங்கள். பழைய ‘ஸ்டாண்டர்ட்’ வடிவத்தில் சாய்ந்த முகங்களின் மேல் டெக்ஸ்சர் இழுபட்டுத் தெரியும். அதைப் பிறகு மாற்றுவதைவிட இப்போதே தவிர்ப்பது எளிது.

கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள்

கொத்தனார் இடுப்பில் டேப் செருகியிருப்பதைப் போல இந்த எண்கள் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். அனைத்தும் குவேக்கின் நீள அளவான யூனிட்டில். ‘பெட்டி’ என்பது மோதலைக் கணக்கிட எஞ்சின் எடுத்துக்கொள்ளும் உடல் அளவு.

- விளையாடுபவரின் பெட்டி: 32 × 32 அகலம், 56 உயரம். கண் தரையிலிருந்து 46இல்.
- ஷாம்ப்ளர், ஓகர் போன்ற பெரிய அரக்கர்களின் பெட்டி: 64 × 64, உயரம் 88. வாசல் இதைவிடச் சிறிதானால் அவை அந்தப் பக்கமே நின்றுவிடும்.
- குதிக்காமல் ஏறக்கூடிய படி: 18 வரை.
- குதித்து ஏறக்கூடிய உயரம்: குதிக்கும் வேகம் 270, ஈர்ப்பு 800; கணக்கிட்டால் உச்சம் சுமார் 45. ஏறியே ஆகவேண்டிய இடத்தில் 40க்கு மேல் வைக்காதீர்கள்.
- ஓடித் தாண்டும் பள்ளம்: வேகம் 320, காற்றில் இருக்கும் நேரம் 0.675 விநாடி, பெருக்கினால் 216. எல்லோரும் தாண்ட வேண்டுமென்றால் 160 போதும்.
- வலியில்லாமல் விழக்கூடிய ஆழம்: சுமார் 260. அதற்கு மேல் விழுந்தால் 5 உயிர்ப்புள்ளி போகும்.
- நடந்து ஏறக்கூடிய சரிவு: 45 பாகை. அதைத் தாண்டினால் வழுக்கும்.

டெக்ஸ்சர்கள் பெரும்பாலும் 64 அல்லது 128 அகலத்தில் வரும். அதனால் சுவர்களை 64இன் மடங்கில் கட்டினால் செங்கல் பாதியில் வெட்டுப்படாது.

கிரிட்டும் நகர்வும்

எண் விசைகளே கிரிட்டின் அளவை மாற்றும்: 1 அழுத்தினால் 1 யூனிட், 4 அழுத்தினால் 8, 5 அழுத்தினால் 16, 7 அழுத்தினால் 64. அறைகளின் உருவத்தை 64இலும் 32இலும், வாசல் படிக்கட்டுகளை 16இலும், அலங்காரத்தை 8இலும் 4இலும் செய்யுங்கள். கிரிட் 1இல் இறங்கத் தோன்றும்போதெல்லாம் வடிவமைப்பு எங்கோ தப்பாகப் போகிறது என்று சந்தேகிப்பது நல்லது.

வெற்றிடத்தில் இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் புதிய பிரஷ் வரும். ஷிஃப்டைப் பிடித்து ஒரு முகத்தை இழுத்தால் பிரஷ் நீளும், சுருங்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்து இழுத்தால் அந்த முகத்திலிருந்து தனிப் பிரஷ் ஒன்று முளைக்கும். நடைபாதைகளை நீட்ட இதைவிட வேகமான வழி இல்லை.

படி 1: முதல் அறை

உள்ளளவு 512 × 512, உயரம் 256, சுவர்த் தடிமன் 16 என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டை 16க்கு மாற்றி, 544 × 544 × 288 அளவில் ஒரே பெட்டி வரையுங்கள். இருபுறச் சுவருக்கும் 16 + 16 சேர்வதால் இந்தக் கணக்கு. பெட்டியின் அடி −16இல் இருக்கட்டும். அப்போது தரையின் மேற்பரப்பு சரியாக 0இல் வரும், பிறகு எல்லா உயரத்தையும் மனக்கணக்கில் சொல்லலாம். பெட்டியைத் தேர்ந்தெடுத்து ‘ஹாலோ’ கட்டளை கொடுத்தால் தற்போதைய கிரிட் அளவே சுவரின் தடிமனாகி, ஆறு பிரஷ்களாகப் பிரியும்.

வாசல் வரப்போகும் சுவரை மட்டும் வெளிப்பக்கம் இழுத்து 32 தடிமனாக்குங்கள். 16 தடிமனில் வாசல் வைத்தால் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டதுபோல இருக்கும்.

படி 2: வாசல் – குடைய வேண்டாம், வெட்டுங்கள்

புதியவர்கள் இங்கே ஒரு பெட்டியைச் சுவருக்குள் செருகி ‘சப்ட்ராக்ட்’ அழுத்துவார்கள். அந்தக் கட்டளை, மறைக்கப்படாமல் அந்தப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாப் பிரஷ்களிலிருந்தும் அதைக் கழிக்கும். சுவரோடு சேர்ந்து தரையும் துண்டாகும். உருளையைக் கழித்தாலோ, சுவர் ஊசி ஊசியாகச் சிதறும். வேறு வழியே இல்லாத இடத்தில், சம்பந்தப்பட்ட பிரஷ்களைத் தவிர மற்றவற்றை மறைத்துவிட்டு, பெட்டி வடிவத்தை மட்டும் கழியுங்கள்.

வாசலுக்கு வெட்டுக் கருவியே போதும்:

1. சுவரைத் தேர்ந்தெடுத்து சி விசையை அழுத்துங்கள்.
2. சுவரை நேராகப் பார்க்கும் இருபரிமாணக் காட்சியில், அறையின் உள்மூலையிலிருந்து 192 தூரத்தில் செங்குத்தாக இரண்டு புள்ளிகள் வையுங்கள்.
3. கன்ட்ரோல் + என்டர் எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்பதை மாற்றும். இரண்டு பக்கமும் மிஞ்சும் நிலைக்கு வந்ததும் என்டர்.
4. இதேபோல 320 தூரத்திலும் வெட்டுங்கள். நடுவில் 128 அகலத் துண்டு கிடைக்கும்.
5. நடுத்துண்டை 128 உயரத்தில் கிடைமட்டமாக வெட்டிக் கீழ்ப்பாதியை அழியுங்கள்.

மூன்றே பிரஷ்கள்: இடது, வலது, மேலே உத்தரம். சுத்தமான வாசல்.

படி 3: கிரிட்டில் உட்காரும் வளைவு

வட்டம் என்றாலே கிரிட்டோடு சண்டைதான். சரியான வட்டத்தை வரைந்து அதன் முனைகளை கிரிட்டுக்கு இழுப்பதைவிட, கிரிட்டில் விழும் முனைகளை எடுத்து வட்டம்போலக் காட்டுவதே பழகியவர்கள் செய்வது. 128 அகலத்துக்குப் பொருந்தும் பன்னிரண்டு பக்க உருவம் ஒன்று உண்டு. மையத்திலிருந்து அதன் கால்வட்ட முனைகள்: (64, 16), (48, 48), (16, 64). எல்லாமே 16இன் மடங்கு. பக்கங்களின் நீளம் 32, 35.8 என்று சற்று மாறும். விளையாடும்போது ஒருவர் கண்ணுக்கும் அது படாது. இதே மூன்று எண்களை இரட்டித்தால் 256 அகலக் கோபுரம், பாதியாக்கினால் 64 அகலத் தூண்.

வாசலின் நடுக்கோட்டில், தரையிலிருந்து 64 உயரத்தில் மையம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் உச்சி 128இல், அதாவது உத்தரத்தின் அடியில் முட்டும். வலது மேல்மூலையை நிரப்ப வேண்டிய பகுதி உட்குழிவானது. ஆகவே ஒரே பிரஷில் வராது. (48, 48)இலிருந்து மூலையான (64, 64)க்கு ஒரு கோடு போட்டால் இரண்டு முக்கோணங்களாகப் பிரியும்:

- முதலாவது: (64, 16), (48, 48), (64, 64)
- இரண்டாவது: (48, 48), (16, 64), (64, 64)

செய்முறை: மூலையில் 48 × 48 அளவு, 32 தடிமனில் ஒரு பெட்டி. அதை (64, 16)–(48, 48) கோட்டில் வெட்டி வெளிப்பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைவிட்டத்தில் வெட்டிக் கீழ்த்துண்டை வைத்துக்கொள்ளுங்கள். முதல் முக்கோணம் தயார். இரண்டாவதையும் அப்படியே. இரண்டையும் நகலெடுத்து, கிடைமட்டமாகப் புரட்டி இடது மூலையில் வைத்தால் வளைவு முடிந்தது. மொத்தம் நான்கு முக்கோணப் பிரஷ்கள். வளைவுக்கு அடியில் நடுவிலிருந்து 32 தள்ளிய இடத்திலும் 120 உயரம் இருப்பதால் ஓகர் தலை இடிக்காமல் வரும்.

இந்த நான்கையும் தேர்ந்தெடுத்து ‘ஃபங்க்_டீடெய்ல்’ ஆக்குங்கள். காரணம் கீழே வருகிறது.

படி 4: நடைபாதையும் படியும்

வாசலிலிருந்து 128 அகல நடைபாதையை 256 தூரம் நீட்டி, செங்கோணத்தில் திருப்புங்கள். கூரை 256 உயரத்தில். திருப்பம் அழகுக்கு மட்டுமல்ல: நேரான நடைபாதையில் ஒரு அறையிலிருந்து மற்ற அறை தெரியும், எஞ்சின் இரண்டையும் சேர்த்து வரைய வேண்டிவரும்.

இரண்டாவது அறையின் தரை 128இல் இருக்கட்டும். படி ஒன்றுக்கு 16 உயரம், 24 அகலம் என்றால் எட்டுப் படி, 192 நீளம். முதல் படியை வரைந்து, கன்ட்ரோல் + டி கொடுத்து நகலெடுத்து, 24 முன்னாலும் 16 மேலேயும் நகர்த்துங்கள். பிறகு கன்ட்ரோல் + ஆர் அழுத்த அழுத்த அதே செயல் திரும்ப நடந்து படிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். உச்சிப் படியில் நிற்கும்போது காலடியிலிருந்து கூரைவரை 128 மிஞ்சும், போதும்.

படி ஏறும்போது பார்வை குலுங்குவது பிடிக்காவிட்டால், படிகளின் மேல் ‘கிளிப்’ டெக்ஸ்சர் பூசிய சாய்வான பிரஷ் ஒன்றைப் போர்த்துங்கள். அது கண்ணுக்குத் தெரியாது. காலுக்கு மட்டும் தட்டுப்படும். சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் அலங்காரங்களில் உடம்பு மாட்டுவதையும் இதே கிளிப்தான் தீர்க்கும்.

முனைக் கருவி, சுழற்றல்: கவனமாகத் தொட வேண்டியவை

வி விசை முனைகளையும், ஈ விளிம்புகளையும், எஃப் முகங்களையும் பிடித்து இழுக்கவிடும். நான்கு முனையுள்ள முகத்தின் ஒரு முனையை மட்டும் தூக்கினால் அந்த முகம் ஒரே சமதளமாக இருக்க முடியாது; எடிட்டர் அதை இரண்டு முக்கோணமாக உடைக்கும். சில நேரம் உடைப்பு நீங்கள் நினைத்ததற்கு எதிர் மூலைவிட்டத்தில் வரும்.

பாறை, மண்மேடு போன்ற கரடுமுரடான தரைக்கு இதைத் தவிர்க்க எளிய உத்தி: 64 அல்லது 128 கட்டங்களை முதலிலேயே மூலைவிட்டத்தில் வெட்டி முக்கோணத் தூண்களாக்கிவிடுங்கள். பிறகு எல்லாத் தூண்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, முனைகளை மேலும் கீழும் மட்டும் நகர்த்துங்கள். மூன்று புள்ளிகள் எங்கே போனாலும் ஒரு சமதளத்தில்தான் இருக்கும். ஒரே இடத்தில் சந்திக்கும் முனைகள் சேர்ந்தே நகர்வதால் இடைவெளியும் விழாது.

90 பாகை சுழற்றல் ஆபத்தில்லாதது. 45 பாகையோ 15 பாகையோ சுழற்றினால் முனைகள் பின்னத்துக்குப் போகும். முனைகளை முழு எண்ணுக்கு இழுக்கும் கட்டளை இருக்கிறது. அது சில நேரம் வடிவத்தையே கோணலாக்கும். சாய்வான நடைபாதை வேண்டுமானால் சுழற்றாதீர்கள். நேரான பிரஷின் ஒரு முனை விளிம்பை கிரிட்டில் நகர்த்தி, அல்லது ஜி விசையால் சரித்து உருவாக்குங்கள். கவிழ்ந்து கிடக்கும் பீப்பாய், உடைந்த உத்தரம் போன்றவற்றைச் சுழற்றலாம். ஆனால் அவை டீடெய்லாகவே இருக்கட்டும்.

திரும்பத் திரும்ப வரும் தூண், விளக்குத் தண்டு ஆகியவற்றை ஒரு குழுவாக்கி ‘லிங்க்டு டூப்ளிகேட்’ எடுங்கள். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்.

அடைப்பு: சுவர் இருந்தால்தான் சித்திரம்

கம்பைல் செய்யும்போது முதலில் ஓடும் கியூபிஎஸ்பி, லெவலின் உள்ளே இருக்கும் பொருள்களிலிருந்து தண்ணீர் பரவுவதுபோல வெற்றிடத்தை நிரப்பிப் பார்க்கும். அது வெளியே வழிந்தால் கசிவு. கசிவு இருக்கும்வரை எது வெளிப்புறம் என்று தெரியாது. வெளிமுகங்கள் நீங்காது, அடுத்து ஓடவேண்டிய விஸ்ஸுக்கான (எங்கிருந்து எது தெரியும் என்று கணக்கிடும் நிரலுக்கான) கோப்பும் உருவாகாது.

எது அடைக்கும் என்பதுதான் கேள்வி. சாதாரண உலகப் பிரஷும் வான டெக்ஸ்சர் பூசிய பிரஷும் அடைக்கும். டீடெய்ல், கதவு, தண்ணீர் எதுவும் அடைக்காது. ஆகவே வெளிச்சுவர், தரை, கூரை மட்டும் உலகப் பிரஷ். வளைவு, படி, தூண், பாறை எல்லாம் டீடெய்ல். டீடெய்ல் பிரஷ்கள் பார்வைக் கணக்கில் சேராததால் விஸ்ஸின் வேலையும் வெகுவாகக் குறையும்.

கசிவு வந்தால் கம்பைலர் எழுதிவைக்கும் பாயின்ட் ஃபைலை எடிட்டரில் ஏற்றுங்கள். ஒரு கோடு தெரியும். அது சுவரைத் துளைக்கும் இடமே ஓட்டை. கண்ணுக்கு எந்த ஓட்டையும் தெரியாவிட்டால் மூன்றைப் பாருங்கள்: அந்தச் சுவரைத் தவறுதலாக டீடெய்லாக்கிவிட்டீர்களா, ஏதாவது விளக்கோ ஆயுதமோ லெவலுக்கு வெளியே கிடக்கிறதா, சுவரின் முனை கிரிட்டில் இல்லையா.

மொத்த லெவலையும் சுற்றி ஒரு பெரிய பெட்டி போட்டுக் கசிவை நிறுத்துவது பலரும் சொல்லித்தரும் குறுக்குவழி. செய்யாதீர்கள். வெளிச்சுவர்களின் வெளிமுகங்கள் எல்லாம் மிஞ்சும், அவற்றுக்கெல்லாம் ஒளி கணக்கிடப்படும், விஸ் மணிக்கணக்கில் ஓடும்.

டெக்ஸ்சர்

ஷிஃப்ட் + கிளிக் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்கும். பிறகு ஆல்ட்டைப் பிடித்துப் பக்கத்து முகத்தைக் கிளிக் செய்தால் டெக்ஸ்சர் அதன் ஒழுங்கோடு தொடரும். பன்னிரண்டு பக்கத் தூணைச் சுற்றி வரிசையாக இப்படிப் போனால் மூட்டு பெரும்பாலும் தெரியாது. டெக்ஸ்சர் லாக் போட்டிருந்தால் பிரஷை நகர்த்தும்போது படமும் கூடவே வரும். உருவம் உறுதியாகும்வரை அது போட்டிருக்கட்டும்.

ஒளி

விளக்கின் இயல்பான அளவு 300. தூரம் கூடக்கூட ஒளி நேர்விகிதத்தில் குறைந்து, 300 யூனிட்டில் தீர்ந்துவிடும். நம் அறையின் நடுவிலிருந்து மூலைக்கு 362 தூரம். ஒரே விளக்கு வைத்தால் மூலைகள் கும்மிருட்டு. சுவர்களின் அருகே 200 அளவில் நான்கு வைப்பது நன்றாக இருக்கும். நிழலின் நுணுக்கம் 16 யூனிட்டுக்கு ஒரு புள்ளி என்பதால் 4 யூனிட் கம்பிகளின் நிழலை எதிர்பார்க்காதீர்கள்.

கம்பைல்

‘இன்ஃபோ_பிளேயர்_ஸ்டார்ட்’ ஒன்றை வையுங்கள். அதன் மையம் தரையிலிருந்து குறைந்தது 24 மேலே இருக்க வேண்டும், இல்லையேல் தரைக்குள் சிக்கிக்கொள்வீர்கள். டிரெஞ்ச்புரூமின் கம்பைல் சாளரத்தில் ஐந்து வேலைகளை வரிசையாகச் சேருங்கள்: மேப்பை ஏற்றுமதி செய்தல், கியூபிஎஸ்பி, விஸ், லைட், முடிந்த கோப்பை விளையாட்டின் மேப்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்தல். இரண்டு தனித்தனி அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு, விஸ்ஸில் ‘ஃபாஸ்ட்’, லைட்டில் கூடுதல் எதுவும் வேண்டாம். வெளியீட்டுக்கு, முழு விஸ், லைட்டில் ‘எக்ஸ்ட்ரா4’.

சுவர்களுக்கு ஒரே சாம்பல் டெக்ஸ்சர் இருக்கும் நிலையிலேயே ஓடிப் பாருங்கள். வாசல் அளவு, படி உயரம், அரக்கர்கள் வரும் வழி எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு அலங்காரத்துக்குப் போகலாம். லெவல் வளர வளர, பழைய எஞ்சின்களில் எந்தத் திசையிலும் மையத்திலிருந்து 4096 யூனிட்டுக்கு அப்பால் பொருள்கள் சரியாக வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். மையத்தைச் சுற்றிக் கட்டத் தொடங்கினால் எல்லாப் பக்கமும் இடம் கிடைக்கும்.

கட்டிய மேப் கோப்பை வேறு இடத்திலும் பயன்படுத்தலாம். கோடோ எஞ்சினுக்கான ஃபங்க்கோடோ நீட்சி இதே கோப்பை நேரடியாகப் படிக்கும். அங்கே விஸ்ஸும் கசிவும் கிடையாது. ஆனால் விளையாடுபவரின் உயரம், குதிப்பு எல்லாம் நீங்கள் எழுதும் நிரலைப் பொறுத்தது. மேலே உள்ள அளவுப் பட்டியலை அங்கே புதிதாக எழுதிக்கொண்ட பிறகே முதல் சுவரை வரையுங்கள்.